அழும் பிள்ளை நன்றி கெட்டதா?

“தானாடாவிட்டாலும் தன் தசையாடும்” என்பது நம் முன்னோர் வாக்கு. இரத்த உறவு தானாகவே பேசும், அதற்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. பெருமளவுக்கு இது உண்மைதான். ஆனால் தசையாடுவதற்கு இடமே இல்லாத ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தாயும் தந்தையும் ஒரு நாட்டவர். பிள்ளையோ வேறொரு நாட்டில், வேறொருத்தியின் வயிற்றில் பிறந்தது. பத்திரத்தில் கையொப்பமிட்ட நிமிடத்திலிருந்து இவர்கள் பெற்றார், அது பிள்ளை என்று சட்டம் சொல்லிவிட்டது. இருதயம் அதை எப்போது சொல்லும்? அது சொல்லும்வரை யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள்? இக்கேள்வியை இவ்வாரம் வாசகர்களாகிய உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

உதாரணமாகச் சீனாவை எடுத்துக்கொள்வோம். 1992 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம், தன் குழந்தைகளை அந்நிய நாட்டார் சுவீகாரம் எடுக்க அந்நாடு வழி திறந்தது. 2024 இல், நெருங்கிய உறவினர் போன்ற சிலருக்குத் தவிர, அவ்வழியை மூடிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் 160,000 க்கும் மேற்பட்ட குழந்தைகள் கடல் கடந்தனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றனர். குடும்பத்துக்கு ஒரு பிள்ளை என்ற அரசின் கட்டுப்பாடும், அந்த ஒன்று ஆணாக இருக்கவேண்டும் என்ற பழைய ஆசையும் சேர்ந்திருந்தமையால், தொடக்க ஆண்டுகளில் சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்குழந்தைகள்.

அமெரிக்கப் பெற்றார் சீனாவுக்குப் போய் ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கவேண்டியிருந்தது. மாகாணத் தலைநகரில் ஓர் அரசாங்கக் காரியாலயத்திலோ, ஹோட்டல் மண்டபத்திலோ குழந்தை அவர்கள் கையில் கொடுக்கப்படும். பெரும்பாலும் மறுநாளே இறுதிப் பத்திரங்களில் கையொப்பம். பின்னர் கடவுச்சீட்டுக்காகக் காத்திருப்பு. அதன்பின் குவாங்சோ நகருக்குப் பயணம்; ஏனெனில் குழந்தைக்கு விசா வழங்கும் அமெரிக்கத் துணைத்தூதரகம் அங்கேதான் இருந்தது. ஆக, ஒரு குடும்பம் குடும்பமாகத் தொடங்கிய முதல் நாட்கள் ஹோட்டல் அறைகளில், கட்டிய பெட்டிகளுக்கு நடுவே கழிந்தன.

இப்பொழுது பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்ப்போம். அதற்கு ஒரு வயது, அல்லது ஒன்றரை வயது. நேற்றுவரை விடுதியில் பராமரித்த ஒருத்தியோ, வளர்த்த வீட்டுத் தாய் ஒருத்தியோ அதற்கு உலகமாயிருந்தாள். அவளுடைய மணம், அவள் பேசிய பேச்சு, அவள் ஊட்டிய கஞ்சியின் பதம் எல்லாம் ஒரே பிற்பகலில் போய்விட்டன. புதியவர்களின் முகச்சாடை வேறு, சவர்க்கார மணம் வேறு, காதில் விழும் சொல் ஒன்றாவது விளங்கவில்லை. அது அழாமல் வேறென்ன செய்யும்?

பெற்றாரின் நிலையும் இலகுவானதன்று. விண்ணப்பம், விசாரணை, வைத்தியப் பரிசோதனை, பணச்செலவு என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து வந்தவர்கள் அவர்கள். தாய் தூக்கினால் குழந்தை உடம்பை விறைத்துத் திமிறுகிறது. தந்தையிடம் மாத்திரம் போகிறது. அல்லது இருவரையும் விட்டுக் கதவையே பார்த்தபடி இருக்கிறது. இரவில் உறக்கமில்லை. அப்போது இரண்டு எண்ணங்கள் தலைகாட்டும். “பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பது சரிதான், இத்தனை பாடுபட்டோம், இதற்கு நன்றியில்லையே” என்பது ஒன்று. “எனக்கு இப்பிள்ளைமேல் பாசம் சுரக்கவில்லையே, நான் தாயாவதற்குத் தகுதியற்றவளோ” என்பது மற்றது. இவ்விரண்டும் எவ்வளவு பிழையான எண்ணங்கள் என்பதை விளங்கிக்கொள்வது அவசியம்.

முதலாவது எண்ணத்தைப் பார்ப்போம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவற்றில், நோயுற்ற சிறு பிள்ளைகளைப் பெற்றார் அடிக்கடி வந்து பார்க்க அனுமதியில்லை. பிள்ளை முதலில் அழும், பின்னர் அடங்கிவிடும், ஆகவே பழகிவிட்டது என்று தாதியரும் வைத்தியர்களும் எண்ணினர். ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர் 1952 இல், எட்டு நாட்கள் வைத்தியசாலையில் விடப்பட்ட இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றைப் படம்பிடித்துக் காட்டினார். அவரும் அவரோடு பணிசெய்த ஜோன் போல்பி என்ற வைத்தியரும் எடுத்துக்காட்டிய உண்மை இதுதான்: முதலில் எதிர்த்து அழுவது, பின்னர் நம்பிக்கை இழப்பது, அதற்கும் பின்னரே ஒட்டாமல் விலகிப்போவது. பழகிவிட்டது என்று பெரியவர்கள் மகிழ்ந்த அமைதி, உண்மையில் பிள்ளை தன் துக்கத்தைக் கைவிட்ட நிலையாகவும் இருக்கலாம்.

இதனை ருமேனியாவும் காட்டியது. 1989 இல் அங்கு சர்வாதிகார ஆட்சி வீழ்ந்தபின், அநாதை விடுதிகளின் அவலம் உலகுக்குத் தெரியவந்தது. அங்கிருந்து பிரித்தானியாவுக்குச் சுவீகாரமாகச் சென்ற 165 பிள்ளைகளை, பேராசிரியர் மைக்கல் றட்டரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஆறு மாத வயதுக்கு முன் வீடு கிடைத்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்குமேல் விடுதியில் கிடந்தவர்களுள் சிலரிடம் ஒரு குறை நீடித்தது: அந்நியர் எவர் கைநீட்டினாலும் தயக்கமின்றிப் போய்விடுவார்கள். பார்ப்பவருக்கு அது இனிய குணமாகத் தோன்றும். ஆனால் எவரும் எவரைப் போலவும் இருந்தால், தன்னுடையவர் என்று எவரும் இல்லை என்பதே பொருள்.

ஆதலால், பழைய முகத்தை நினைத்து அழும் பிள்ளை கல்மனம் படைத்ததன்று. ஒருத்தியை நேசிக்க அது கற்றிருக்கிறது. அந்த நேசமே அழுகிறது. முன்னொருத்தியை நேசித்த பிள்ளை உங்களையும் ஒருநாள் நேசிக்கும். அவளுக்காக அது சிந்தும் கண்ணீரைக் கண்டு பொறாமைப்படுவது, தன் வீட்டு அத்திவாரத்தைத் தானே தோண்டுவது போலாகும். நைல் நதியில் மோயீசனைக் கண்டெடுத்த பாரவோனின் குமாரத்தி, அவனுக்குப் பாலூட்ட எபிரேயத் தாய் ஒருத்தியைக் கூலிக்கு அமர்த்தினாள். அவள்தான் பெற்றவள் என்பதை அறியாமலே அமர்த்தினாள். ஆயினும், பிள்ளையின் முதல் மடியை அவள் பறிக்கவில்லை என்பது நம் கவனத்துக்குரியது.

நிற்க, நன்றி என்ற சொல்லையும் சற்று உரைத்துப் பார்ப்போம். கேட்டுப் பெற்ற உதவிக்கே நன்றிக்கடன் உண்டு. பிள்ளை எதையும் கேட்கவில்லை. தன் நாட்டையும் மொழியையும் விட்டுவரச் சம்மதிக்கவுமில்லை. இங்கு நம் நாட்டின் பங்கையும் மறக்கலாகாது. 1970 களிலும் 80 களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுவீகாரமாகச் சென்ற குழந்தைகள் ஏறக்குறைய 11,000 எனக் கூறப்படுகிறது. அவர்களுள் வளர்ந்தபின் தாயைத் தேடி வந்த சிலர், பத்திரத்தில் தாயெனக் குறிக்கப்பட்டவள் தாயே அல்லள் என்று கண்டார்கள். நெதர்லாந்து அரசு நியமித்த ஆணைக்குழு 2021 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த சுவீகாரங்களில் பாரிய முறைகேடுகள் இருந்தன என்றும், அரசு அதை அறிந்தும் தடுக்கத் தவறியது என்றும் கூறியது. வளர்த்த பெற்றாருள் அநேகர் நல்லெண்ணத்தோடு எடுத்தவர்களே. ஆயினும், “உன்னைக் காப்பாற்றினோம்” என்ற வார்த்தை பிள்ளையின் தலைமேல் வைக்கப்படும் கடனாக ஒருபோதும் ஆகக்கூடாது என்பதை இவ்வரலாறு கற்பிக்கிறது. பிள்ளைக்கு ஒரு குடும்பம் தேடுவதே சுவீகாரம். பெரியவர்களின் வெறுமையை நிரப்பப் பிள்ளை தேடுவதன்று.

இனி இரண்டாவது எண்ணம்: பாசம் சுரக்கவில்லையே என்ற வேதனை. அன்பு என்பது மற்றவருக்கு நன்மையை விரும்புவது என்று அரிஸ்டாட்டிலைத் தழுவிப் புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கினார். விரும்புவது மனத்தின் செயல். அது உணர்ச்சிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரவு மூன்று மணிக்கு எழுந்து, தன்னைத் தள்ளிவிடும் பிள்ளைக்குப் பாற்போத்தலை நீட்டுகிற தாய் ஏற்கெனவே நேசிக்கிறாள். உணர்ச்சியில்லாத கவனிப்பு வேஷமல்லவா என்று சிலர் கேட்கலாம். உண்டென்று சொல்லி நடிப்பதுதான் வேஷம். இன்னும் வரவில்லை என்று தனக்குள் அறிந்தும் கடமையை விடாதிருப்பது வாக்குறுதியைக் காப்பது. பெற்ற தாய்மாருள்ளும் சிலருக்குப் பாசம் மெல்லத்தான் வருகிறது. சுவீகாரத் தாய்மாருக்கும் மனச்சோர்வு நோய் வருவதுண்டு. அந்நிலையில் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

செய்யவேண்டியவை சிறிய காரியங்களே. முதல் வாரங்களில் ஊட்டுவதும், குளிப்பாட்டுவதும், உறங்கவைப்பதும் பெற்றார் இருவர் கையாலேயே நடக்கட்டும் என்று அறிந்தவர்கள் ஆலோசனை கூறுகிறார்கள். பிள்ளை உடுத்து வந்த சட்டையை உடனே துவைக்காமல் வைத்திருந்தால், பழகிய மணம் சில நாட்களாவது அருகில் இருக்கும். உண்டு பழகிய உணவைக் கொடுக்கலாம். அதன் மொழியில் பத்துச் சொல்லாவது கற்கலாம். ஒருவரிடமே ஒட்டிக்கொண்டால், மற்றவர் மனம் நோகாமல் அருகில் காத்திருக்கலாம்.

வாசகர்களே, உங்கள் உறவினர் வீடொன்றுக்கும் இத்தகைய பிள்ளை வரக்கூடும், வெளிநாட்டிலும் உள்ளூரிலும். கை நிறைய விளையாட்டுச் சாமான்களோடு அன்றே ஓடிப்போய், மாறிமாறித் தூக்காதீர்கள். “யாரைப்போல் இருக்கிறது?” என்று கேளாதீர்கள். “அதிர்ஷ்டக்காரப் பிள்ளை” என்று அதன் காதுபடச் சொல்லாதீர்கள். சமைத்த உணவை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். சில மாதங்களின்பின் அப்பிள்ளை உங்களைக் கண்டு பயந்து, ஓடிப்போய்த் தாயின் சேலைக்குள் முகம் புதைத்தால், கோபியாதீர்கள். அது தனக்குரியவளைக் கண்டுகொண்டது என்று மகிழுங்கள்.