நலிவாரும் நலியப்படுவாரும்

வலியார் எளியாரை நலிதல் உலகில் யாண்டும் காணப்படுவதொரு குற்றமாம். பள்ளியில் மூத்த மாணாக்கர் இளையாரை எள்ளி வருத்துதலும், அலுவலிடத்தில் மேலதிகாரி தம்கீழ்ப் பணிபுரிவாரைப் பலர் முன்னர் இழித்துரைத்தலும் அதன் வகைகளே. இது விளையாட்டென்று ஒதுக்கத்தக்கதன்று. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1996-ஆம் ஆண்டு மருத்துவம் பயிலவந்த முதலாண்டு மாணவரொருவர் மூத்த மாணவரொருவராற் கொல்லப்பட்டார். அதன்பின், 1997-இல், தமிழ்நாட்டரசு ராகிங் என்னும் கேலிவதையைத் தடுத்துச் சட்டம் இயற்றிற்று.

நம் முன்னோர் இக்குற்றத்தை அறியாதவரல்லர். முதற் பராந்தக சோழன் காலத்தே, 919, 921-ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூரிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்ட அவ்வூரில் வாரியஞ் செய்தற்கு நிலமும் மனையும் கல்வியும் மட்டும் போதாவாயின. கணக்குக் காட்டாதாரும், பிறர்பொருள் கவர்ந்தாரும், சாகசியரும் விலக்கப்பட்டனர். சாகசமாவது அறநூல் வழக்கில் வன்மையாற் செய்யும் தீச்செயல். அத்தகையார் கையில் ஊராட்சி சேரின் எளியார்க்குப் புகலிடம் இன்றாமன்றோ?

இனி, ஒருவன் பிறனை நலிதற்குக் காரணம் யாதெனின், ஆணவமலம் என்க. ஆணவம் உயிரின் அறிவை மறைத்து அதனைச் சிறுமைப்படுத்துவது. அச்சிறுமையை உணராத உயிர், பிறனைத் தாழ்த்தித் தன்னைப் பெரிதாக மதித்துக்கொள்கின்றது. ஆதலின் நலிவான் உண்மையில் நோயாளனே. நோய் வேறு, நோயாளன் வேறு. மலம் வேறு, உயிர் வேறு. அவ்வுயிரினுள்ளும் இறைவன் உறைகின்றான். நலிவானுக்குச் செய்யும் மதிப்பு அவ்வுயிர்க்கே உரியது, அவன் செயலுக்கன்று.

அற்றேல், நலியப்பட்டவன் வாய்திறவாதிருத்தல் வேண்டுங்கொல்லோவெனின், அன்று. இறைவனருள் அறக்கருணை, மறக்கருணை என இருதிறப்படும். தவறிய மகனை ஒறுக்குந் தந்தையும், புண்ணை அறுக்கும் மருத்துவனும் அன்பினாலேயே அது செய்வர். ஆதலின் நலிவானைத் தடுத்து ஒறுத்தல் அவனுக்கும் நன்மையேயாம். அஞ்சி நடுங்குஞ் சிறுவனுக்கு முதற்கண் பொறுமை உபதேசித்தல் கொடுமை. அவனைக் காத்தலே முதற்கடன். அவன் முறையிடுதல் பகைமையுமன்று. தன்மேல் வந்த தீங்கைப் பொறுத்தல் ஒருவனுக்குப் பெருமை தரும். பிறர்மேற் செல்லுந் தீங்கைக் கண்டு வாளாவிருத்தல் பொறுமையன்று, அக்குற்றத்திற் பங்குகொள்ளுதலே.

இவ்விரண்டும் ஒருங்கு விளங்குமிடம் திருநாவுக்கரசர் வரலாறாகும். பல்லவ மன்னன் ஆணையை அமைச்சர் கொணர்ந்தபோது சுவாமிகள் அதற்கு அடிமைப்பட மறுத்தார். அவ்வமைச்சரே வணங்கி வேண்டியபோதோ, இசைந்து உடன் சென்றார். ஆணைக்கு அஞ்சாமையும் ஆளை இகழாமையும் அங்கு ஒன்றுபட்டன. நீற்றறை, நஞ்சு, யானை, கடலிலிட்ட கல் என்னும் இத்தனைக்குப் பின்னரும் அவர் மன்னனைப் பழிவாங்க எண்ணினாரல்லர். பின்னர் அம்மன்னனே வந்து அவர் திருவடி பணிந்தான் எனச் சேக்கிழார் பெருமான் உரைக்கின்றார்.

ஆதலின் செயலைத் தடுத்தலும், செய்தானை இகழாமையும், வருந்தினானைத் தாங்குதலும் ஆகிய மூன்றும் சைவ நன்மக்கள் தத்தம் மனையிலும் ஊரிலும் கைக்கொள்ளற்பாலன.

திருச்சிற்றம்பலம்.