ஒரே தோட்டத்தில் இரண்டு அரசுகள்

ஒரு நாட்டில் இரண்டு அரசுகள் இருக்கும்போது எந்த அதிகாரம் யாருக்கு என்பதை எந்த அளவுகோலால் முடிவு செய்வது? கூட்டாட்சித் தத்துவத்தின் அடிப்படைக் கேள்வி இது. இந்திய அரசமைப்புச் சட்டம் இதற்கு நடைமுறை விடை ஒன்றை வைத்திருக்கிறது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தைப் பின்பற்றி, ஏழாம் அட்டவணை ஆட்சிக்குரிய பொருள்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. தொடக்கத்தில் ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47 இனங்கள் இருந்தன. மூன்றிலும் சேராதது ஒன்றியத்துக்கு. பொதுப் பட்டியலில் உள்ள ஒன்றைப் பற்றி நாடாளுமன்றமும் சட்டமன்றமும் முரண்பட்ட சட்டங்கள் இயற்றினால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் தவிர, நாடாளுமன்றத்தின் சட்டமே நிற்கும்.

பட்டியல் யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்று சொல்கிறது. ஏன் அவரிடம் இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. இந்த 'ஏன்' பற்றி ஐரோப்பியச் சிந்தனையில் இரண்டு வழிகள் பிரிந்தன. பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ஜான் போதான் 1576-இல் வெளியிட்ட நூலில் இறையாண்மை பிரிக்க முடியாதது என்று வாதிட்டார். இறுதி முடிவு எடுப்பவர் ஒருவராகவே இருக்க முடியும், இருவர் என்றால் இருவருமே இறுதியானவர் அல்லர் என்பது அவர் தர்க்கம். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு 1603-இல் ஜெர்மானியரான யோஹன்னஸ் அல்தூசியஸ் எதிர்த் திசையிலிருந்து தொடங்கினார். குடும்பம், தொழிற்குழு, ஊர், மாகாணம் என்று கீழிருந்து மேலே கட்டப்படுவதே அரசு. மேல் அடுக்கின் அதிகாரம் கீழ் அடுக்குகள் கூடி ஒப்படைத்தது மட்டுமே என்றார் அவர்.

இந்தியா இந்த இரண்டில் எதையும் முழுதாக ஏற்கவில்லை. 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசமைப்பை அவையில் முன்வைத்த அம்பேத்கர், இந்தியக் கூட்டாட்சி மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பிறந்தது அன்று, அதனால் பிரிந்து செல்லும் உரிமையும் எந்த மாநிலத்துக்கும் இல்லை என்று விளக்கினார். மூன்றாம் பிரிவின்படி மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் நாடாளுமன்றம் மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டுமே தவிர, ஒப்புதல் தேவையில்லை. ஆனால் 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் ஒன்றியத்தின் வெறும் ஒட்டுறுப்புகள் அல்ல, கூட்டாட்சி அரசமைப்பின் அடிப்படைக் கூறு என்று தீர்ப்பளித்தது. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் குடிமக்கள் வாழ்கிறார்கள். அந்த இடைவெளியை மிகத் தெளிவாகக் காட்டிய வழக்கு கொங்கு நாட்டின் தோட்டங்களில் நடந்தது.

கொச்சியிலிருந்து கூட்டநாடு வழியாகப் பெங்களூருக்கும் மங்களூருக்கும் இயற்கை எரிவாயு கொண்டு செல்லக் குழாய் பதிக்கும் திட்டத்தைப் பொதுத்துறை நிறுவனமான கெயில் மேற்கொண்டது. தமிழ்நாட்டுக்குள் குழாயின் பாதை கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே வகுக்கப்பட்டது. இதற்குக் கெயில் பயன்படுத்தியது 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம். இச்சட்டம் நிலத்தை வாங்குவதில்லை. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். நிலத்துக்கு அடியில் குழாய் பதிக்கும் பயன்பாட்டு உரிமை மட்டும் ஒன்றிய அரசுக்கும், அதன் வழியாக நிறுவனத்துக்கும் போகும். அந்த உரிமைக்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கும், பயிருக்கும் மரத்துக்கும் நேர்ந்த சேதத்துக்குத் தனியாக இழப்பீடும் தரப்படும். அதன் பிறகு அந்தப் பட்டையில் கட்டடம் எழுப்பக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது.

நிலத்தில் நின்று பார்த்தால்தான் இதன் பொருள் விளங்கும். குழாய்ப் பாதையின் அகலம் 20 மீட்டர். சதுரமான 2 ஏக்கர் தோட்டம் ஒன்றின் குறுக்கே அது நேராகச் சென்றால் ஏறக்குறைய 45 சென்ட் அதில் அடங்கிவிடும். 25 அடிக்கு ஒரு தென்னை என்று வைத்திருந்தால் முப்பதுக்கும் மேற்பட்ட மரங்கள் அங்கே இருந்திருக்கும். தோட்டம் இரண்டு துண்டாகிவிடும். தண்ணீர் வற்றி இன்னொரு கிணறோ போரோ போட வேண்டி வந்தால், இடத்தை விவசாயி தேர்ந்தெடுக்க முடியாது. பாதை அந்த நிலத்தில் போகிறது என்று தெரிந்தால் வாங்க வருபவர் விலையைக் குறைத்துக் கேட்பார், வங்கியும் தயங்கும். மழை குறைந்த கொங்குச் சீமையில், தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டியே செம்மண்ணை விளைநிலமாக்கியவர்களுக்குக் கிணறு வெட்டக் கூடாது என்னும் தடை சிறிய தடையன்று.

விவசாயிகள் குழாயே வேண்டாம் என்று சொல்லவில்லை. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போகச் சொன்னார்கள். உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலின்படி 2013 மார்ச்சில் கோவையில் அவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அதன் பின் முதலமைச்சர் ஜெயலலிதா, குழாயை விளைநிலங்களில் பதிக்கக் கூடாது, தேசிய நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்ல வேண்டும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அடுத்த மாதமே அரசாணையும் வந்தது. கெயில் நீதிமன்றம் சென்றது. 2013 நவம்பர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது; 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. நாடாளுமன்றத்தின் சட்டப்படி தொடங்கிய பணியை மாநில அரசு நிறுத்த முடியாது என்பதே இரு தீர்ப்புகளின் சாரம்.

சட்டப்படி இதில் வியப்பு ஏதுமில்லை. பெட்ரோலியமும் அதன் பொருள்களும் ஒன்றியப் பட்டியலின் 53-ஆவது இனம். மாநிலப் பட்டியலின் 25-ஆவது இனத்தில் 'எரிவாயு' என்ற சொல் இருந்தாலும், இயற்கை எரிவாயு அதில் அடங்காது, அது பெட்ரோலியத்தைச் சேர்ந்தது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்திருந்தது. ஆனால் நிலம் மாநிலப் பட்டியலின் 18-ஆவது இனம். வேளாண்மை 14-ஆவது இனம். நிலத்தைக் கையகப்படுத்துவது பொதுப் பட்டியலில் 42-ஆவது இனம். குழாய் பதிக்கப்படும் அந்த 45 சென்ட் ஒரே நேரத்தில் மூன்று பட்டியல்களிலும் இருக்கிறது.

இத்தகைய மோதலில் நீதிமன்றங்கள் சட்டத்தின் சாரம் எது என்று பார்க்கின்றன. சாரத்தில் அது ஒன்றியத்துக்குரிய பொருளைப் பற்றியது என்றால், போகிற போக்கில் மாநிலத்தின் எல்லையைத் தொட்டாலும் செல்லும். பொருளின் சாரம் எது, அதைச் சார்ந்து வரும் பண்புகள் எவை என்னும் இந்த வினாவை மெய்யியலாளர்கள் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து கேட்டு வருகிறார்கள். நீதிமன்றத்துக்குத் தெளிவான ஒரு விடை தேவைப்படுகிறது. குழாயின் சாரம் எரிவாயு என்று அது முடிவு செய்தது. தோட்டக்காரருக்கோ அதே குழாயின் சாரம், தன் நிலத்தில் இனி முளைக்கக் கூடாத முப்பது மரங்கள். இரண்டும் மெய்தான். எந்தச் சாரத்தை எடுத்துக்கொள்வது என்பதைச் சட்டம் இயற்றியவரின் நோக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு விடையும், அதன் சுமையைத் தாங்குபவரின் இடத்திலிருந்து பார்த்தால் வேறு விடையும் வரும். பட்டியல் முறை முதல் பார்வையை மட்டுமே அறியும்.

ஒன்றியத்தின் தரப்பு வலுவில்லாததன்று. கேரளத்தில் கரையிறங்கும் எரிவாயு இந்தப் பாதையில் பெங்களூருக்குப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டைக் கடந்துதான் ஆக வேண்டும். வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலமும் தடுக்கலாம் என்றால், கடலோ சுரங்கமோ இல்லாத மாநிலத்துக்கு எதுவும் போய்ச் சேராது. இன்று எரிவாயுவைத் தடுக்க ஒரு மாநிலத்துக்கு உரிமை உண்டென்றால், நாளை தண்ணீரைத் தடுக்க இன்னொரு மாநிலத்துக்கும் உரிமை உண்டு. சிறுவாணித் தண்ணீரைக் கேரளத்திலிருந்து பெற்றுக் குடிக்கும் கோவைக்கு இது புரியாத வாதமன்று. பல மாநிலங்களைத் தொடும் பொருளைப் பொதுவான ஓர் அமைப்பே முடிவு செய்ய வேண்டும் என்பதை மறுக்க இயலாது. மறுக்க வேண்டியது, பொதுவான அமைப்புக்கு முடிவெடுக்கும் உரிமை இருப்பதாலேயே சுமை சுமப்பவரின் இசைவு தேவையற்றதாகிவிடுகிறது என்னும் கருத்தை.

அதிகாரத்தை மாநிலத்துக்கு மாற்றினால் போதுமா? கொங்கு வட்டாரமே அதற்கும் விடை சொல்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்தின் புகளூருக்கு வரும் மின்பாதைக்காகவும், அங்கிருந்து பிரியும் பாதைகளுக்காகவும் விளைநிலங்களில் உயர்மின் கோபுரங்கள் எழுந்தபோது, 2018 டிசம்பரில் விவசாயிகள் பல இடங்களில் உண்ணாவிரதம் இருந்தனர். மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. ஆயினும் கோபுரம் நடும் அதிகாரம் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலிருந்து 2003 மின்சாரச் சட்டத்தின் வழியே வருகிறது. மாநில அரசின் மின்தொடரமைப்புக் கழகமும் அதே அதிகாரத்தையே கையில் வைத்திருக்கிறது. கோபுரம் நடுபவர் டெல்லிக்காரரா சென்னைக்காரரா என்பதால் நிலத்துக்காரருக்கு ஒரு வேறுபாடும் இல்லை. 2021 ஜூலையில் கொங்கு நாட்டைத் தனி மாநிலமாக்கும் பேச்சு கிளம்பியது. மாநிலம் சிறிதானாலும் ஒன்றியப் பட்டியலின் 53-ஆவது இனம் அப்படியேதான் இருந்திருக்கும்.

ஆகவே கேள்வி எந்தத் தலைநகர் என்பதைத் தாண்டிப் போகிறது. கீழ் அமைப்பால் செய்ய முடிந்ததை மேல் அமைப்பு எடுத்துக்கொள்ளக் கூடாது என்னும் நெறியைக் கத்தோலிக்கத் திருச்சபை 1931-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதரின் (பயஸ்) சுற்றுமடலில் வகுத்துச் சொன்னது. காந்தி 1946-இல், தனிமனிதனை மையமாகக் கொண்டு ஊர்கள் விரிந்து செல்லும் வட்டங்களாகச் சுதந்திர இந்தியாவை எண்ணிப் பார்த்தார். வெளிவட்டம் உள்வட்டத்தை நசுக்காது, அதற்கு வலு சேர்க்கும் என்றார். 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசமைப்பில் இடம் தந்தது. ஆனால் குழாய்ச் சட்டத்தில் கிராம சபைக்கு வேலை இல்லை. அறிவிக்கை வெளியான 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர் கேட்டு முடிவு செய்வார், அவ்வளவே. 2013-இலேயே ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். கேட்கப்பட்ட பன்னிரண்டு சபைகளும் மறுத்தன, சுரங்கத் திட்டம் நின்றது. மலையில் இயன்றது சமவெளியில் இயலாமல் போனதற்குக் காரணம் சட்டத்தின் அமைப்பே.

கிராம சபை வழியே கேட்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. தோட்டத்தில் கூலி வேலை செய்பவருக்கு அங்கே பட்டா கிடையாது. தென்னைகள் போனால் தேங்காய் வெட்டும் வேலையும் போகும்; நிலத்தின் மதிப்பை வைத்துக் கணக்கிடும் இழப்பீட்டில் அவருக்குப் பங்கில்லை. நிலத்துக்காரரின் இசைவை மட்டும் நாடும் சீர்திருத்தம் கூலித் தொழிலாளரைப் பழையபடி வெளியேதான் நிறுத்தும்.

இரண்டு அதிகாரங்கள் ஒரே இடத்தில் எப்படி இருக்க முடியும் என்ற போதானின் தயக்கத்துக்குத் தமிழ் மரபிலேயே சிந்தனை வளம் உண்டு. சைவ சித்தாந்தத்தில், இறையும் உயிரும் ஒன்றே என்பதும் தவறு, தனித்தனியே நிற்பவை என்பதும் தவறு. பொருளால் வேறு, கலப்பால் ஒன்று என்பது மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் நிறுவிய நிலை. ஒரே குடிமகனிடத்தில் இரண்டு அரசுகள் பிரிக்க முடியாமல் கலந்து நிற்பதைப் பட்டியல்களைவிட இது நன்றாக விளக்குகிறது. ஓர் எல்லை வரைதான் இந்த ஒப்பீடு செல்லும்: சித்தாந்தத்தில் உயிர் இறையைச் சார்ந்தே நிற்கிறது, ஆனால் மாநிலத்தை ஒன்றியத்தின் அருளில் வாழும் உயிராகக் கொள்ள மக்களாட்சி இடம் தராது.

சம நிலையில் கலந்து நின்று முடிவெடுத்த முன்மாதிரியும் கொங்கில் உண்டு. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் ஆனைமலைத் தொடரின் ஆறுகளைத் தமிழ்நாடும் கேரளமும் நடுவர் மன்றம் ஏதுமின்றிப் பேசியே பங்கிட்டுக்கொண்டன. 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியான ஒப்பந்தத்தின்படி தமிழ்நாட்டுக்கு 30.5 டி.எம்.சி.; கேரளத்துக்குச் சோலையாற்றில் 12.3, மணக்கடவில் 7.25 டி.எம்.சி. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துக் காடுகளுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்தது இதனால்தான். வறண்ட ஆண்டுகளில் சச்சரவு எழாமல் இல்லை. ஆனாலும் இந்த ஒப்பந்தத்தில் குழாய்ச் சட்டத்தில் இல்லாத ஒரு விதி இருக்கிறது: 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரு தரப்பும் உட்கார்ந்து மறுஆய்வு செய்ய வேண்டும். 1962-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ பயன்பாட்டு உரிமைக்குக் கால வரம்பும் இல்லை, பாதையை வகுக்கும் முன் மாநிலத்தையோ கிராம சபையையோ கேட்க வேண்டும் என்னும் கடமையும் இல்லை. அவ்விரண்டையும் சேர்க்கப் பட்டியல்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை; நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டத் திருத்தம் ஒன்று போதும்.