முதுமைக்கும் காஸ்டிங் போடுங்கள்

திருப்பூரில் ஒரு பனியனுக்கு நூல் என்ன விலை, நிட்டிங் கூலி என்ன, டையிங் எவ்வளவு, லேபிளுக்கு எத்தனை பைசா என்று விரல்நுனியில் வைத்திருப்பவர் நீங்கள். கோவைப் பவுண்டரியில் மோட்டார் பாடியைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்பவர் நீங்கள். சோமனூரில் கூலி உயர்வுக்காக வாரக்கணக்கில் தறியை நிறுத்திப் போராடியவரும் நீங்கள்தான். இப்படிப்பட்ட உங்களிடம், அறுபதுக்கு மேல் மாதச் செலவுக்கு எவ்வளவு வேண்டும், அது எங்கிருந்து வரும் என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க" என்கிறீர்கள். கணக்குத் தெரியாமலா? கிடையவே கிடையாது. பயம்!

அந்தப் பயத்தைத்தான் சிலர் காசாக்கினார்கள். 2009-இல் வெளிப்பட்ட திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடியில், அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லிச் சுருட்டியது சுமார் 930 கோடி ரூபாய். 2012-இல் பெருந்துறை ஈமு கோழி. குஞ்சை வளர்த்தால் போதும், மாதாமாதம் பணம் என்றார்கள்; கடைசியில் பட்டியில் தீவனமில்லாத கோழிகள்தான் மிஞ்சின. பாசி வழக்கில் கோவை நீதிமன்றம் 27 ஆண்டு சிறை என்று தீர்ப்பளித்தபோது 2022 ஆகிவிட்டது. பணம் போட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஊர் சிரித்தது. நான் சிரிக்க மாட்டேன். தன் கணக்கைத் தானே போட முடியும் என்ற நம்பிக்கை இல்லாதவன், இன்னொருவன் போட்டுக் காட்டும் கணக்கை நம்பத்தான் செய்வான். மாதம் பத்து சதவீதம் என்று ஒருவன் வாய் திறந்ததும், "வருசத்துக்கு 120 சதவீதம் லாபம் தர்ற மில்லு எந்த ஊர்ல ஓடுதுங்க?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடத் தகுதியான ஆள் யார்?

சரி, நம் கணக்கைப் போடுவோம். மாதம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சி என்று வையுங்கள். முப்பது வயதில் தொடங்கி அறுபது வரை போட்டால் ஏறக்குறைய 74 லட்சம். நாற்பதில் தொடங்கினால் 29 லட்சம்தான். போடாமல் விட்டது 6 லட்சம். கைவிட்டுப் போனது 45 லட்சம். விலைவாசியையும் மறக்காதீர்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். இன்று 20,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு அன்று 40,000 வேண்டும். வங்கி வைப்பு மட்டும் இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால்தான் நீண்ட காலப் பணத்தில் ஒரு பங்கை மியூச்சுவல் ஃபண்டிலும் போடச் சொல்கிறார்கள். அது ஏறும், இறங்கும். பத்து ஆண்டாவது பொறுத்திருக்க முடிந்த பணத்தை மட்டும் அங்கே அனுப்புங்கள்.

பனியன் கம்பெனித் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களிடம் ஒரு கோபம் எனக்கு. கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துத் தீர்க்கிறீர்களே, ஏன்? பென்ஷன் கிடைக்கப் பத்து ஆண்டு சேவை வேண்டும். பணத்தை எடுக்காமல் புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றினால் அந்த ஆண்டுகள் தொடரும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால் போச்சு. பத்து ஆண்டைக் கட்டிக் காத்தாலும் அது ஒன்றே போதாது. 2014-இல் வந்த 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் முப்பது ஆண்டு உழைத்தவருக்கும் மாதப் பென்ஷன் ஏழாயிரத்தைத் தொடாது. மிச்சத்தை நீங்கள்தான் கட்டி எழுப்ப வேண்டும். சொந்தத் தறி, சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்களுக்குப் பி.எஃப்.பும் இல்லை. 2009 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கும் தேசிய ஓய்வூதியத் திட்டமும், தபால் நிலையத்திலேயே தொடங்கக்கூடிய பதினைந்து ஆண்டு பி.பி.எஃப்.பும் உங்களுக்காகவே இருக்கின்றன.

"சைட்டு வாங்கிப் போட்டிருக்கனுங்க" என்பது அடுத்த பதில். நல்லது. ஆனால் நடுராத்திரி ஆஸ்பத்திரி கவுன்டரில் பத்து சென்ட்டில் ஒரு சென்ட்டைக் கிழித்துக் கொடுக்க முடியுமா? கேட்டவுடன் கைக்கு வரும் ஆறு மாதச் செலவுப் பணமும் ஒரு மருத்துவக் காப்பீடும் முதலில். சைட்டு அப்புறம்.

அந்தச் சைட்டும் தோட்டமும் உங்களுக்குப் பின் யாருக்கு? இதைப் பேசினாலே அபசகுனம் என்று முகம் சுளிக்கும் ஊரில்தான் நாட்டுக்கே பாடம் நடந்திருக்கிறது. 1926-இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் சொத்தைப் பிரித்தபோது, நாலு பங்கு போடவில்லை. ஐந்து பங்கு போட்டார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. 2 லட்சத்து ஆயிரம் ரூபாயில் பிறந்த அந்த அறக்கட்டளைதான் 1951-இல் பொறியியல் கல்லூரியையும், பின்னால் மருத்துவக் கல்லூரியையும் கட்டியது. யாருக்கு எது என்று பளிச்சென்று முடிவெடுத்து எழுதும் தைரியத்துக்கு இவ்வளவு வலிமை!

உயில் எழுதப் பெரிய பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. பதிந்தால் பின்னால் தகராறு குறையும். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். நாமினி போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். வங்கியில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமையாளர் வாரிசுதான். "சீர் செஞ்சாச்சு, பொண்ணுக்கு எதுக்குப் பங்கு" என்ற பேச்சும் இனிச் செல்லாது. இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று 1989-லேயே சட்டம் செய்த மாநிலம் இது. 2005-இல் அது நாட்டுக்கே சட்டமானது. உங்கள் சம்பாத்தியத்தையும் உங்கள் பங்கையும் மட்டும்தான் உங்கள் இஷ்டத்துக்கு எழுத முடியும். இன்னொன்று, பாசத்தில் உருகி உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் செட்டில்மென்ட் எழுதிவிடாதீர்கள். எழுதியே தீர வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அதை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் வழி வைத்திருக்கிறது.

வர்ற ஞாயித்துக்கிழமை தறியும் லேத்தும் ஓய்ந்திருக்கும் நேரத்தில், வீட்டுக்காரம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு நோட்டை எடுங்கள். இருக்கும் பணம், இருக்கும் கடன், பாலிசி, பத்திரம் எது எங்கே என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். அறுபது வயதில் மாதம் எவ்வளவு வேண்டும் என்பதை இரண்டாம் பக்கத்தில் எழுதுங்கள். திங்கட்கிழமை காலையில் முதல் ஐயாயிரத்தைக் கட்டிவிட்டு வேலைக்குப் போங்கள்.