வந்தவர் போகலாமா?



மயிலாப்பூர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவுதான். ஆனால் மயிலாப்பூரின் மதிப்பு எட்டாத இடம் அது. பக்கிங்காம் கால்வாயின் ஓரம், தகரமும் தார்ப்பாயுமாக நெருங்கி நிற்கும் வீடுகளுக்கு நடுவே ஒரு சிறு அம்மன் கோயில். கல்லூரியை விட்டு வெளிவந்த இளைஞர் நால்வர், நாள்தோறும் மாலை ஐந்தரை மணிக்கு அதன் திண்ணையில் அமர்ந்தோம். இருபது சிறுவர் சிறுமியர்க்கு எழுத்துச் சொல்லித் தந்தோம். கோயில் திண்ணையிலே பகுத்தறிவாளர்க்கு என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள்! அந்தத் தெருவில் ஒழுங்காக விளக்கெரிந்த இடம் அது ஒன்றே.

ஆறாம் திங்களில் எங்களுக்குப் பாராட்டு விழா நடந்தது. தியாகராய நகரில் ஒரு மண்டபம். பொன்னாடை போர்த்தினர், புகைப்படம் எடுத்தனர், ஏழைக்கு எழுத்தளிக்கும் ஏந்தல்கள் என்றுகூட ஒருவர் எங்களை அழைத்தார். இருபது பேரில் எத்தனை பேர் படிக்கக் கற்றனர் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. எட்டாம் திங்களில் அந்தத் திண்ணை வெறிச்சோடிக் கிடந்தது.

காரணமா இல்லை? ஒருவர்க்கு வங்கித் தேர்வு. ஒருவர்க்குக் கோவையில் வேலை. ஒருவர்க்குத் திருமணம். இதை எழுதும் நமக்கோ பள்ளியில் ஆசிரியர் பணி கிடைத்தது. ஊதியம் பெற்றுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போனதால், ஊதியமின்றிக் கற்பித்த பிள்ளைகளைக் கைவிட்டோம்! எவரும் எங்களைக் கடிந்து கொள்ளவில்லை. தொண்டுதானே! விரும்பி வந்தார்கள், இயன்றவரை செய்தார்கள், போனார்கள். ஊர் அப்படித்தான் பேசும். நாங்களும் அப்படித்தான் எண்ணிக் கொண்டோம்.

ஓராண்டு கழித்து, லஸ் பேருந்து நிறுத்தத்தில் ஒரு தாய் எங்களை அடையாளம் கண்டு நின்றார். பக்கத்திலே அவர் மகள். எங்கள் திண்ணைப் பள்ளியில் முதல் வரிசையில் அமர்ந்தவள். நாம் தட்டுத் தடுமாறி வருத்தம் சொன்னோம். அந்தத் தாய் சொன்னார்: "உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல சார். இதுக்குத்தான் படிப்பு மண்டையில ஏறல."

அந்தச் சிறுமி தலை குனிந்து நின்றாள். மறுக்கவில்லை.

போனவர் நாங்கள். பழி அவள் மீது! அன்றிலிருந்து ஒரு கேள்வி நம்மைத் துளைக்கிறது. விரும்பி வந்தவன், விரும்பும்போது போகும் உரிமை உடையவனா?

உடையவன் என்பார் பலர். அவர்கள் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. கூலி வாங்காதவனிடம் கணக்குக் கேட்பது முறையா? கேட்டால் நாளை எவன் வருவான்? எட்டு மாதம் கொடுத்தானே, ஒன்றுமே கொடாத ஊரார் எட்டு இலட்சம் பேரை விட்டுவிட்டு அவனையா கூண்டில் ஏற்றுவது? வலிமையான வாதம். பசித்தவனுக்குச் சோறிட்டவனைப் பொறுத்தவரை சரியான வாதமுங்கூட. இன்று இட்ட சோறு இன்றைய பசியை ஆற்றும். நாளை இடாவிட்டாலும் இன்றைய சோறு பொய்யாகிவிடாது. எழுத்து அப்படிப்பட்டதா?

அந்தச் சிறுமி எங்களிடம் வந்தபோது ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையில் இருப்பதை அச்சுப்போல் எழுதுவாள். எழுதியதைப் படிக்கத் தெரியாது. க, கா, கி, கீ என்று பாட்டாகப் பாடுவாள். 'கூ' என்ற எழுத்தைத் தனியே தொட்டுக் காட்டினால், முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் அதன் ஒலியைக் கண்டுபிடிப்பாள். 'பட்டம்' என்பதில் புள்ளிகளைப் பாராமல் 'படடம' என்பாள். பெருந்தொல்லை கொம்புதான். 'கெ' என்னும்போது கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஒலியோ பின்னே வருகிறது. 'கொ' என்றால் ஓர் உயிரின் குறி மெய்யை இருபுறமும் வளைத்து நிற்கிறது. கண் ஒரு திசையில் போக, காது மறுதிசையில் போக வேண்டும்! நமக்கு மறந்துவிட்ட மலை அது. பெரியார் 1935-இல் எடுத்துக் காட்டி, 1978-இல் அரசு ஆணையான சீர்திருத்தம் பதின்மூன்று எழுத்துகளின் விந்தை வடிவங்களை நீக்கியிராவிட்டால், அவள் தலையில் இன்னும் பதின்மூன்று கற்கள் ஏறியிருக்கும்.

நான்கு மாதத்தில் கொம்பைக் கடந்தாள். பிறகு வந்தது நடுவழி. எழுத்து ஒவ்வொன்றையும் அறிவாள், ஆனால் 'ம... ர... ங்... க... ள்' என்று கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதலெழுத்து நினைவை விட்டுப் போய்விடும். சொல் கண்ணில் பட்டவுடன் பொருள் மனத்தில் எழ வேண்டும். அது பழகப் பழகத்தான் வரும். நாள்தோறும் அரைமணி, பல மாதம். வேறு குறுக்கு வழி ஏதும் நமக்குத் தெரியவில்லை. நாங்கள் விட்டுப் போனது அந்த நடுவழியில். ஆற்றின் பாதிவரை தோளில் ஏற்றிச் சென்றவன், "இதுவரை தூக்கியதே என் பெருந்தன்மை" என்று அங்கே இறக்கிவிட்டால் ஏற்போமா? கரையில் நின்றிருந்தபோது அவளுக்குப் படிப்புத் தெரியாது, அவ்வளவே. நடுவழியில் நின்றபோதோ, தனக்குப் படிப்பு வராது என்னும் தவறான பாடத்தையும் கற்றுக் கொண்டாள். எனவே, எழுத்தறிவித்தலில் தொடங்குவதற்கு முன்புவரைதான் நாம் விருப்பத்திற்கு உரியவர்; முதல் எழுத்தை அவள் எழுதிய நாள் முதல் கடனுக்கு உரியவர் என்கிறோம்.

கொடுப்பவன் விருப்பத்தையே நம்பி நிற்கும் கல்வி எந்த நிலைக்கு வரும் என்பதற்கு, கால்வாயைத் தாண்டி அடையாறு வரை போனால் சான்று இருக்கிறது. கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கர் 1894-இல், ஊர் ஒதுக்கி வைத்த மக்களின் பிள்ளைகளுக்கு அங்கே ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அத்தகைய பள்ளிகள் பெருகின. வேதம் ஓதியோர் நிறைந்த நகரில், கடல் கடந்து வந்த ஒருவர் செய்த பணி! நன்றியோடு நினைக்கிறோம், அடையாற்றுப் பள்ளி அவர் பெயரால் பெசன்ட் நகரில் இன்றும் நடக்கிறது. ஆனால் 1907-இல் அவர் மறைந்தபின் பிரம்மஞான சபைக்குத் தலைமை ஏற்ற அன்னி பெசன்ட் அம்மையார் 1909-இல் என்ன எழுதினார்? தூய்மையும் ஒழுக்கமும் முதலில் பழகட்டும், அதற்கு முன் இப்பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு கலந்து அமர்த்தலாகாது என்னும் கருத்துப்பட எழுதினார். அதை அண்ணல் அம்பேத்கர், காங்கிரசையும் காந்தியாரையும் ஆராய்ந்து 1945-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். கொடுப்பவர் மாறினார், பேச்சு மாறியது. பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் எந்த மன்றத்தில் எழுந்து "ஏன்?" என்று கேட்க முடியும்?

எங்களுக்குப் பொன்னாடை போர்த்திய நகருக்குப் பெயர் தந்தவரோ வேறு வழி கண்டார். தியாகராயர் சென்னை மாநகராட்சிக்குத் தலைவராயிருந்த 1920-இல், ஆயிரம் விளக்குப் பள்ளியின் பிள்ளைகளுக்குப் பகலுணவு என்று மன்றம் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. அதுவும் மாநகராட்சிப் பணம். இடையிலே அது நிறுத்தவும் பட்டது. ஆனால் நிறுத்தியவரிடம் கேள்வி கேட்க வழி இருந்தது, மீண்டும் வந்தது.

"அப்படியானால் எல்லாம் அரசின் கடமை, தொண்டர் எதற்கு?" என்று உடனே கேட்பார் தோழர். அரசின் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று 1950-இல் அரசமைப்புச் சட்டம் சொல்லிற்று. அந்த உரிமைக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-இல்! பத்தாண்டு என்பது அறுபதாண்டு ஆயிற்று. அந்த ஐம்பது ஆண்டுத் தாமதத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தாம் கால்வாய்க் கரைப் பிள்ளைகளின் தாயும் தந்தையும். வீட்டில் பாடம் கேட்க ஆள் இல்லை. அந்த ஒரு மணி நேரம்தான் தொண்டருக்குரிய இடம், பள்ளியின் இடமன்று.

இதற்கு அண்மைச் சான்றும் உண்டு. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அதையொட்டித் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர். மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேர வகுப்பு. கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியல் அறிஞர்கள் தமிழகச் சிற்றூர்களில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆராய்ந்தனர். இழந்த படிப்பில் மூன்றில் இரு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்தன்னார்வலர் வகுப்புகளால் வந்தது என்று கண்டனர். நான்கில் ஒரு பங்கு! எள்ளி நகையாடத்தக்க அளவன்று. எஞ்சிய முக்கால் பங்கோ மாலை வகுப்பால் வந்ததன்று. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்தத் திட்டத்தில் நம்மைக் கவர்ந்தது தொகையன்று, முகவரி. தன்னார்வலர் அதே ஊரில், அதே தெருவில் இருப்பவர். மயிலாப்பூர்த் திண்ணையை விட்டு நாங்கள் எளிதாகப் போனோம்; ஏனெனில் நாங்கள் பேருந்தில் வந்தவர்கள். அடுத்த வீட்டுப் பெண் அப்படிப் போக முடியுமா? மறுநாள் காலை தண்ணீர் லாரி வரிசையில் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தாக வேண்டுமே!

கியூபாவில் 1961-இல், ஏறத்தாழ ஓர் இலட்சம் மாணவர் விளக்கும் பாடநூலுமாக மலைப்புறங்களுக்குச் சென்றனர். ஏழு இலட்சம் பேர் அளவில் எழுத்தறிந்தனர் என்பது அந்நாட்டுக் கணக்கு. அவர்களும் ஆண்டிறுதியில் வீடு திரும்பியவர்தாம். ஆனால் திரும்பும் நாள் முன்பே குறித்திருந்தது. அவர்களுக்குப் பின் தொடர்கல்வி வகுப்புகள் வந்தன. போவது குற்றமன்று, தோழர்களே. சொல்லாமல் போவதும், ஒப்படைக்காமல் போவதுமே குற்றம். எந்தப் பிள்ளை கொம்பில் நிற்கிறாள், எவன் புள்ளியில் தடுமாறுகிறான் என்று பெயர் பெயராக ஓர் ஏட்டில் குறித்து, அடுத்து வருபவரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ கொடுத்துவிட்டுப் போவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அந்த ஒரு மாலையை நாங்கள் செலவிடவில்லை.

இன்னொன்று. சில வேளை போவது தொண்டன் அல்லன், பிள்ளையே! கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் போயின. படிப்பு நடுவழியில் இருந்த பிள்ளைகளும் அவற்றோடு போயினர். அங்கே தொடங்க ஒருவரேனும் இருந்தால், இங்கிருந்து ஏடு போகலாம். இதுவரை அப்படி ஓர் ஏடு போனதாக நாம் கண்டதில்லை.

சென்ற மாதம் நாம் மட்டும் திண்ணைக்குத் திரும்பினோம். கிழமைக்கு மூன்று மாலை. அடுத்த மே இறுதி வரை என்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட்டோம். அந்தத் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய ஒரு பெண் உடன் அமர இசைந்திருக்கிறார். பதினொரு பிள்ளைகள் வந்தனர். முதல் வரிசைச் சிறுமி வரவில்லை. அவள் தம்பி வந்திருந்தான். "அக்கா வரலியா?" என்றோம். "அதுக்கு வெக்கமா இருக்காம் சார்" என்றான்.

ஞாயிறு காலை அவள் வீட்டுக்குப் போகிறோம்.