கைப்பேசியும் பெயர்ப்பற்றும்

உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்பிற்று என்பது சித்தாந்த நூல்கள் அனைத்திற்கும் ஒத்த துணிபு. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறம்போற் காட்டுதல் இதற்கு உவமையாகப் பலகாலும் எடுத்தோதப்படும். இவ்வியல்பு மலத்தைச் சார்ந்துழி மலமாயும், அருளைச் சார்ந்துழி அருளாயும் நிற்றற்கண் வைத்தே பெரிதும் ஆராயப்பட்டு வருகின்றது. அதனை நாடோறும் கையிலேந்தும் சிறு கருவியொன்றின்கண் வைத்து ஆராய்தல் இவ்விதழுக்கு ஒவ்வுமோ என அன்பர் சிலர் ஐயுறுதல் கூடும். ஒவ்வும் என்றே யாம் கருதுகின்றோம். அங்ஙனம் கருதுதற்கு ஏதுவாய நிகழ்ச்சி வருமாறு.

எம்மிடம் சிவஞானபோதம் பாடங் கேட்க வரும் இளைஞருள் ஒருவர் ஆப்பிள் நிறுவனத்தாரது ஐபோன் உடையார். மற்றொருவர் சாம்சங் நிறுவனத்தாரது ஆண்ட்ராய்டு கைப்பேசி உடையார். ஒருநாள் பாடந் தொடங்குமுன் இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் பேச்சு எழுந்தது. சிறிது பொழுதிற் பேச்சு வழக்காயிற்று, வழக்கு வசையாயிற்று. "வாங்க வழியில்லாதார் சொல்லும் சமாதானம் இது" என்று முன்னவர் கூறிவிட்டார். பின்னவர் ஒன்றும் பேசாது எழுந்து போயினார். மூன்று கிழமை வந்திலர். பின்பு ஒருநாள் தனியே வந்து, "ஐயா, என் கைப்பேசி வாங்கி மூன்றாண்டாகின்றது, அதிற் பெருங்குறை யாதுமில்லை. ஆயினும் தவணைக் கடனில் ஐபோன் ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். இது தேவையோ, அவாவோ, தாங்களே சொல்லுங்கள்" என்றார். ஆணவத்தின் இயல்பு குறித்து ஆறு திங்கள் பாடங் கேட்ட இருவர் கண்ணாடியும் உலோகமுங் கூடியதொரு துண்டின் பொருட்டு இங்ஙனம் பிரிந்தமை எம்மை வருத்திற்று. பாடஞ் சொன்ன எம்மிடத்தும் குறையுண்டென்பது வெளிப்படை.

இவ்வழக்கு நம்மூரிற் பிறந்ததன்று. ஆப்பிள் நிறுவனத்தார் 2007 ஆம் ஆண்டு ஜனவரி 9 ஆம் நாள் ஐபோனை உலகிற்கு அறிவித்து, அவ்வாண்டு ஜூன் திங்களில் விற்பனைக்குக் கொணர்ந்தனர். கூகுள் நிறுவனத்தாரது ஆண்ட்ராய்டு மென்பொருளான் இயங்கும் முதற் கைப்பேசி 2008 இல் வெளிவந்தது. 2011 இல், எம் வடிவைக் கவர்ந்துகொண்டனர் என்று ஆப்பிளார் சாம்சங் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு 2018 இலேதான் இருவரும் தம்முள் உடன்பட்டு முடித்துக்கொள்ள ஓய்ந்தது. இனி, வியப்பொன்று கேண்மின். வழக்கு நடந்துகொண்டிருந்த 2017 ஆம் ஆண்டிலேயே ஐபோன் எக்ஸ் என்னும் உயர்ந்த விலைக் கைப்பேசிக்குத் திரை செய்து கொடுத்தவர் சாம்சங் குழுமத்தாரே. ஐபோனின் படக்கருவிக்குள் ஒளியை ஏற்கும் உறுப்பு ஜப்பானியராகிய சோனி நிறுவனத்தாரது. இனி, ஆண்ட்ராய்டை உடைய கூகுளார், ஐபோனில் தம் தேடுபொறியே முன்னிற்றல் வேண்டி 2022 ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிளார்க்கு 2,000 கோடி டாலர் கொடுத்தமை அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களால் வெளிப்பட்டது. உடையார் நீதிமன்றத்திற் பொருதும் சந்தையிற் கொண்டுங் கொடுத்தும் வாழ்கின்றனர். அவர்தம் பெயரை நெஞ்சிற் சுமந்தார் இருவர், பாடசாலைத் திண்ணையில் ஒருவரையொருவர் பகைத்துக்கொண்டனர்.

சவிகற்பக் காட்சியை விளக்குமிடத்துப் பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்னும் ஐந்தானும் ஒன்றனை வேறுபடுத்து அறிதல் வேண்டும் என்பர் நம் அளவை நூலார். இவ்வைந்தனையும் ஈண்டு வைத்து நோக்குவாம். சாதியால் இரண்டும் கைப்பேசியே. தொழிலால் இரண்டும் பேசுதல், எழுதியனுப்புதல், படமெடுத்தல், ஏடு படித்தல், பணஞ் செலுத்தல் என்பனவற்றைப் பெரும்பாலும் ஒப்பவே செய்கின்றன. அகத்தே உடைய பொருள்களோ மேற்காட்டியவாறு பலர் கைப்பட்டுப் பலவிடத்தும் கலந்து நிற்பன. குணத்தால் வேறுபாடு உண்டு. இல்லையென்பார் கூற்றும் பிழையே. ஆப்பிளார் கருவியையும் அதனை இயக்கும் மென்பொருளையும் தாமே சமைத்தலின் ஒரு சீர்மையும், பழைய கருவிக்கும் பல்லாண்டு புதுக்கம் வழங்கும் வழக்கமும் உடையர். அதற்கீடாக அவர் வேலிக்குள் அடங்கி நிற்றல் வேண்டும். ஆண்ட்ராய்டு பல நிறுவனத்தார் கையில் வழங்குதலின் ஏழைக்கும் செல்வர்க்கும் ஏற்ற விலைகளிற் கிடைக்கும்; அதற்கீடாக எந்நிறுவனம் எத்தனையாண்டு பேணும் என்று ஆராய்ந்து கொள்ளும் சுமை வாங்குவார் தலையில் விழும். இவற்றைத் தம் தொழிலோடு பொருத்தி நோக்கி ஒன்றைத் தேர்தல் அறிவின் செயல். ஆயின் அவ்விருவரது பூசலில் இக்குணங்களுள் ஒன்றேனும் பேசப்பட்டிலது. ஐந்தனுள் முதலதாகிய பெயரளவில் நின்று, அதுவே முழுக்காட்சி என்று கொண்டனர்.

பெயர்ப்பற்று உடையாரிடத்து ஒரு முரண் காணப்படுகின்றது. அவர் பெயரை விடார்; பொருளையோ யாண்டுதோறும் விடுவர். சென்ற ஆண்டு உயிரினும் இனியதாய்ப் போற்றி, உறையிட்டுக் காத்து, பிறர் கைபடப் பொறாத அதே கருவி, அடுத்த செப்டம்பரிற் புதியது வந்த துணையானே பழையது என்னும் இழிபெயர் பெறுகின்றது. அங்ஙனமாயின் அவர் விரும்பியது யாது? பொருளை எனின், அதனை எளிதின் விடார். செய்தாரை எனின், அவரை இவர் அறியார். இந்நாளில் ஐபோன் பல ஸ்ரீபெரும்பூதூரை அடுத்த தொழிற்சாலையில் நம் தமிழ்ப் பெண்டிர் கையால் இணைக்கப்படுகின்றன. மேசைமேல் அதனைக் கவிழ்த்துவைத்து அப்பெயரின் குறி பிறர்க்குத் தோன்றச் செய்வார் எவரும் அப்பெண்டிரை நினைந்ததாக யாம் கேட்டிலம். பொருளுமன்றிச் செய்தாருமன்றி எஞ்சி நிற்பது ஒன்றே: பிறர் கண்ணிற் படும் தம் உரு. எனது என்று எடுத்ததொன்று யான் என்று ஆய்விட்டது. படிகம் பூவின் நிறத்தைக் கொண்டதோடன்றிப் பூவே யான் என்று வழக்காடவுந் தொடங்கிற்று.

இதனை அமெரிக்க நாட்டுச் சிறாரிடத்து இன்னுந் தெளியக் காணலாம். ஆப்பிளார் 2011 இல் தொடங்கிய ஐமெசேஜ் என்னும் செய்தி முறையில், ஐபோனிலிருந்து ஐபோனுக்குச் செல்லும் செய்தி நீல நிறத்திலும், ஆண்ட்ராய்டு உடையாரோடு மாறிக்கொள்ளும் செய்தி பச்சை நிறத்திலும் தோன்றும். இந்நிற வேறுபாட்டால் அந்நாட்டு மாணாக்கர் சிலர் பச்சையுடையாரைத் தம் கூட்டத்தினின்றும் ஒதுக்குவாராயினர். 2022 இல் ஒருவர் தம் தாய்க்கு அனுப்பும் காணொளி தெளிவாய்ச் செல்லவில்லையென முறையிட, ஆப்பிள் நிறுவனத் தலைவர் தாய்க்கும் ஓர் ஐபோன் வாங்கிக் கொடுக்குமாறு விடை பகர்ந்தார். 2024 மார்ச்சு திங்களில் அந்நாட்டு அரசு ஆப்பிளார் மீது தொடுத்த வழக்கில் இவ்வொதுக்கமும் ஒரு குற்றச்சாட்டாயிற்று. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் இருவகைக் கைப்பேசிக்கும் பொதுவாய புதிய செய்தி முறையை ஆப்பிளார் ஏற்றனர்; ஆயினும் நிறம் பச்சையாகவே நிற்கின்றது. நிறம்பற்றி மக்களைப் பிரித்த கதைகளை நாம் அறியாதவர் அல்லேம். அவை இத்துணைச் சிறியதொரு சதுரத்துள்ளும் வந்து குடிபுகும் என்று எண்ணினோமில்லை.

இனி, ஓயாது புதுக்கும் ஆசையைப் பற்றிச் சிறிது கூறுவாம். கைப்பேசியின் பேட்டரி எனப்படும் மின்கலம், நிறைத்தலும் ஒழித்தலும் பலமுறை நிகழ நிகழத் தன் ஆற்றல் குன்றும் இயல்பிற்று. மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்கள் திடுமென அணைந்துவிடாதபடி, அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகத் தாமே குறைத்து வந்தமையை ஆப்பிளார் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டனர். இதனை முன்னரே அறிவித்திலர் என்று 2020 இல் பிரெஞ்சு அரசு அவர்க்கு 2½ கோடி யூரோ தண்டம் விதித்தது. மின்கலத்தை மாற்றும் கூலியை 79 டாலரினின்றும் 29 டாலராக ஆப்பிளார் குறைத்தனர். மாற்றியபின் வேகம் மீண்டது. கருவி முழுதும் மூத்துவிட்டதென்று எண்ணி எத்தனை பேர் புதியது வாங்கியிருப்பர்! ஓருறுப்பின் தளர்ச்சியை முழுப்பொருளின் குற்றமாகக் காணல் திரிபுக்காட்சி. அத்திரிபால் விற்பார்க்கு ஊதியம் உண்டாதலின் அதனை நீக்க அவர் விரையார். இங்ஙனம் வீசப்படும் மின்னணுக் கழிவு எல்லாவகையுங் கூடி 2022 ஆம் ஆண்டில் 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், முறைப்படி தொகுத்து மீட்கப்பட்டது அதிற் காற்பங்கினுங் குறைவே என்றும் ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கை கூறும்.

அற்றேல், ஒரு தெய்வத்தையே பற்றி நிற்றலைச் சிறப்பெனப் போற்றும் சைவர், ஒரு நிறுவனத்தையே பற்றி நிற்றலை இகழ்தல் முரணாகாதோ எனின், ஆகாது. பற்று என்னுஞ் சொல் ஈரிடத்தும் ஒன்றேயாயினும் பயன் தம்முள் மாறுபடும். இறைவனைப் பற்றுந்தோறும் யான் என்பது தேயும். பெயரைப் பற்றுந்தோறும் யான் என்பது தடிக்கும். பற்றப்படுவோன் நம் பற்றால் பெறும் ஊதியம் யாதுமில்லை. நிறுவனத்தார்க்கோ அதுவே முதல். அன்றியும் எந்த அடியவரும் தாம் வழிபடும் மூர்த்தியைச் சென்ற ஆண்டினது எனக் களைந்து, தவணையிற் புதியதொன்று கொண்டதில்லை.

கைப்பேசியே வேண்டாவென்பது எம் கருத்தன்று. தனு கரணங்கள் மாயையின் காரியமாயினும், விடியுமளவும் இருளில் உதவும் விளக்குப்போல உயிர்க்கு உதவுவன என்று கொள்ளும் மரபினேம் நாம். அச்சில் அரியவாய்விட்ட உரைநூல் சிலவற்றை யாம் இக்கருவியினாலேயே படிக்கின்றோம். விளக்கை இகழ்வார் எம்முள் இலர். யாம் அஞ்சுவது விளக்கை மறந்து விளக்குத்தண்டின் முத்திரைக்குப் பொருவாரை.

எம்மையும் இதனுள் வைத்தே பேசுகின்றோம். எம் பழைய கைப்பேசி ஏழாண்டு உழைத்தது. அதன் மென்பொருட்குப் புதுக்கம் நின்றுபோக, எம் ஓய்வூதியக் கணக்குள்ள வங்கியின் செயலி அதில் இயங்க மறுத்தது. புதியது வாங்க வேண்டியதாயிற்று. கருவியிற் பழுதில்லை; ஆயினும் மாற்றம் நேர்ந்தது. ஆதலின் மாற்றுவார் எல்லாரும் அவாவுடையார் என்று கூறுதல் நேர்மையன்று. இந்நிலைமை சிறிது சீர்ப்படுகின்றது போலும். கூகுளார் 2023 இலும் சாம்சங் நிறுவனத்தார் 2024 இலும் தம் உயர்ந்த வகைக் கைப்பேசிகட்கு ஏழாண்டுப் புதுக்கம் தருவதாக உறுதி கூறினர். ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் முதல் புதுக்கத்தையும் உறுப்புகள் கிடைத்தலையும் பல்லாண்டுகட்குச் சட்டத்தாற் கட்டாயமாக்கியுள்ளது. இஃது ஒருபுறமிருக்க, யாம் புதியது வாங்கிய சில நாளில், ஓர் அவையில் நண்பர் ஒருவர் அதனை எடுத்து நோக்கி, "போயும் போயும் இந்த நிறுவனத்தாரதா?" என்று நகைத்தார். எம் செவி சுட்டது. அதன் குணங்களை எடுத்துரைக்க நாவும் எழுந்தது. வாங்கிப் பத்து நாட்கூட ஆகாத பொருளின்பொருட்டு அறுபதாண்டு கடந்த உள்ளம் அங்ஙனம் சுட்டது ஏன்? தேவையோ அவாவோ என்று வாங்கும்போது ஆராய்ந்து தெளிந்ததாக நினைத்திருந்தோம். வாங்கும்போது தெளியாதது இகழப்பட்டபோது தெளிந்தது.

எம் ஆசிரியர் ஒரு மைப்பேனாவை முப்பதாண்டு வழங்கினார். முள் தேய்ந்தால் முள்ளை மாற்றுவார். கழுத்தில் மை கசிந்தால் நூல் சுற்றிக்கொள்வார். அஃது எந்நிறுவனத்தாரது என்று யாம் ஒருமுறை வினவினேமாக, அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு பேனாவைத் திருப்பித் திருப்பி நோக்கினார். எழுத்துத் தேய்ந்திருந்தது. "தெரியவில்லை அப்பா" என்று கூறி விட்ட இடத்தினின்றும் எழுதத் தொடங்கினார்.

இதனை அவ்விளைஞர்க்குச் சொன்னோம். கடன்பட வேண்டா என்று விதித்தோமில்லை. கைப்பேசியாற் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, அவற்றுள் இப்பொழுதுள்ளது செய்யாதது யாது என்று குறித்து வருமாறு மட்டும் கூறினோம். இரண்டு நாளில் வந்தார். மாலைக்குள் மின்னாற்றல் தீர்ந்துவிடுகின்றது என்பதொன்றே அத்தாளில் இருந்தது. மின்கலத்தை மாற்றிக்கொண்டார். அது தேவையை முடித்ததேயன்றி, அன்று கேட்ட சொல்லை முடித்ததாகத் தோன்றவில்லை; நண்பர் இருவரும் இன்னும் திண்ணையின் இருகோடியிலேயே அமர்கின்றனர். ஐபோன் உடையாரிடம் யாம் தனியே பேசினோம். அவர் நெடுநேரம் தலைகுனிந்திருந்து, அக்கைப்பேசியின் தவணை இன்னும் பதினொரு திங்கள் உள்ளது என்றார். அன்றைய வசையின் ஊற்று எங்கிருந்ததென்று அப்பொழுதே யாம் அறிந்தோம்.

வரும் கிழமை எட்டாஞ் சூத்திரம் தொடங்குகின்றோம். வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசிளங்குமரனைப் பற்றிய பகுதி அது. இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர்.