பதிவேட்டின் ஓரம்

தோட்டத்து லயத்தில் ரகசியம் தங்காது. வீட்டுக்கு வீடு நடுச்சுவர் உண்டு. பல லயங்களில் அது கூரை வரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டிலிருந்து “கசாயம் போட்டுக் குடி” என்று குரல் வரும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற பெண்கள், மரம் சீவி முடித்துப் பால் வாளியோடு ஸ்டோரில் வரிசை நிற்பதற்குள், லயத்தில் நடந்தது அத்தனையும் பேசி முடித்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்திலும் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் ஒரு விஷயம் காலமெல்லாம் தெரியாமல் போகலாம். சுற்றியிருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

*

ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கமோ பத்து காஜா பக்கமோ ஒரு ரப்பர் தோட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு ஈப்போவிலிருந்து கத்தோலிக்கக் குரு, சாமி என்போம், வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபமாலை சொல்லுவார். அம்மா பால்மரம் சீவுகிறவள். அப்பாவைப் பற்றிக் கேட்டால், “ஊருக்குப் போயிட்டாரு.” ஊர் என்றால் தமிழ்நாடு. கப்பலேறிப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டவர்கள் ஏராளம் என்பதால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. பொய்க்குத் தோதாக ஒரு சரித்திரமே இருந்தது.

சாமி வரும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு பேனாவோ படம் போட்ட செபப் புத்தகமோ கொண்டுவருவார். பெரியவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். ஞானோபதேசம் நன்றாக ஒப்பித்ததற்குக் கிடைத்த பரிசு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

*

பங்கு அலுவலகத்துத் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கொஞ்சம் ஓரம் விட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளை பிற்பாடு உறுதிபூசுதல் பெற்றாலும், கல்யாணம் முடித்தாலும், குருப்பட்டம் வாங்கினாலும் அங்கேதான் ஏறும். திருச்சபைச் சட்டம் 535 அப்படிச் சொல்கிறது. ஆகவே ஒரு குரு திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில், அவர் குருவானார் என்பது அவர் பெயருக்கு அருகிலேயே இருக்கும்.

அவருடைய பிள்ளைக்கு? சட்டம் 877: தாய்க்கு மணமாகவில்லை என்றால், தகப்பன் பெயரை எழுத ஒரு பொதுப் பத்திரம் வேண்டும், அல்லது தகப்பனே பங்குக்குரு முன்னால், இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, ‘என் பிள்ளை’ என்று சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த இடம் காலி.

மலேசியாவின் 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. தாயும், தகப்பன் என்று ஒத்துக்கொள்கிறவரும் சேர்ந்து கேட்டால்தான் பெயர் ஏறும். கோவிலும் அரசாங்கமும் ஒரே மனிதர் வாய் திறப்பதற்காகக் காத்திருக்கின்றன.

அந்தக் காலி இடத்தின் பாரம் இந்த நாட்டுத் தமிழனுக்கு நன்றாகப் புரியும். இங்கே அடையாள அட்டையில் நம் பெயரோடு ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று தகப்பன் பெயரும் சேர்ந்தே வருகிறது. பள்ளிக்கூடத்தில், கிளினிக்கில், வங்கியில் கூப்பிடும்போதெல்லாம் அவரும் கூட வருவார். அவர் வராத பிள்ளைக்கு ஒவ்வொரு விண்ணப்பப் பாரமும் ஒரு விசாரணைதான்.

*

இது நம் தோட்டத்துக்கு மட்டும் உரிய கதையல்ல. 1979 செப்டம்பர் 30. அயர்லாந்தின் கால்வே நகரில் குதிரைப் பந்தயத் திடல். திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலைப் பார்க்க லட்சக்கணக்கில் இளைஞர்கள். அவர் வருமுன் மேடையில் நின்று பாடிக் கூட்டத்தை உற்சாகப்படுத்தியவர்களில் இருவர்: ஆயர் ஈமன் கேசி, ஃபாதர் மைக்கேல் கிளியரி. அன்றைக்குக் கேசியின் மகனுக்கு ஐந்து வயது. அமெரிக்காவில் தாயோடு வளர்ந்துகொண்டிருந்தான். கிளியரிக்கும் பிள்ளை உண்டு. கேசியின் கதை 1992இல் வெளிப்பட்டது; அவர் பதவியையும் நாட்டையும் விட்டுப் போனார். கிளியரியின் கதை 1993இல் அவர் செத்த பிறகுதான் வெளியே வந்தது.

அந்த மேடையை நினைக்கும்போது எனக்கு அந்த இரண்டு பேர் மேல் கோபம் வருவதில்லை. எத்தனை சுலபமாகப் பாட முடிந்திருக்கிறது என்ற வியப்புதான் வருகிறது.

*

அதே அயர்லாந்தில் வின்சென்ட் டாயில். தன் ஞானத்தந்தை என்று அறிந்து பாசம் வைத்திருந்த குருவே தன்னைப் பெற்றவர் என்று தாய் மூலம் தெரிந்தபோது அவருக்கு வயது 28. குரு 1995லேயே போய்விட்டார். தெரிய வேண்டியது தெரிந்தபோது, பேச வேண்டியவர் இல்லை. 2014இல் டாயில் குருக்களின் பிள்ளைகளுக்காக ‘கோப்பிங் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அயர்லாந்து ஆயர்கள் 2017இல் நெறிமுறைகளை வெளியிட்டார்கள்: பிள்ளையின் நலனே முதல், பெற்றவர் சட்டப்படியும் மனச்சாட்சிப்படியும் பணத்தாலும் பொறுப்பேற்க வேண்டும். 2019 பிப்ரவரியில், தங்களிடமும் அப்படி ஓர் உள் நெறிமுறை இருப்பதை வத்திக்கான் ஒத்துக்கொண்டது. குருத்துவத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி அது கேட்டுக்கொள்கிறது.

அந்த நெறிமுறையையே யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

*

இந்தக் கதை பழையது. 1022இல் இத்தாலியின் பாவியா நகரத்துச் சங்கம், குருக்களின் பிள்ளைகள் திருச்சபைக்கு அடிமைகள் என்று தீர்ப்புச் சொன்னது. கோவில் நிலம் வாரிசுக்குப் போய்விடக் கூடாது என்ற பயம். 1139இல் இரண்டாம் லாத்தரன் சங்கம் குருக்களின் திருமணமே செல்லாது என்றது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில்கூட, முறைகேடாகப் பிறந்தவன் விதிவிலக்கு வாங்காமல் குருவாக முடியாது. 1983இல்தான் அது போனது. பெற்றவர் தப்புக்குப் பிறந்ததைத் தண்டிப்பது எவ்வளவு பழைய வழக்கம்!

ஈப்போவிலேயே, கல்யாணம் முடிக்கும் மெதடிஸ்ட், லுத்தரன் போதகர்களின் பிள்ளைகள் ஆராதனையில் முன்வரிசையில் உட்காருகிறார்கள். அவர்கள் கும்பிடுவதும் அதே இயேசுவைத்தான், பேசுவதும் தமிழ்தான். அவர்களுக்கும் சங்கடம் உண்டு: ‘போதகர் மகன் இப்படிச் செய்யலாமா’ என்று ஊரே அதட்டும். ஆனால் அதட்டுவதற்கு முதலில் யார் மகன் என்று தெரிய வேண்டும் அல்லவா.

*

குருவின் மணத்துறவை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. அதை நேர்மையாக வாழ்கிறவர்கள் உண்டு. தோட்டத்து ஜனங்களுக்கு அவர்கள் செய்தது கொஞ்சமில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தவர் குரு. அதைக் காப்பாற்றும் வேலை தாயிடமும் பிள்ளையிடமும் போய்ச் சேர்கிறது. அவர் மாற்றலாகி வேறு பங்குக்குப் போய்விடலாம். அவள் அதே லயத்தில், அதே நிரையில், மறுநாளும் மரம் சீவ வேண்டும்.

*

1877இல் கோலக் கங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளோடு பேராக்கின் ரப்பர் கதை தொடங்கியது. தோட்டத் துண்டாடல் வந்தது, செம்பனை வந்தது, லயங்கள் இடிபட்டன. ஜனங்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் புதிய தாமான்களுக்கும் குறைந்த விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். ரகசியத்தைக் கூட்டாகக் காத்தவர்கள் இப்போது தனித்தனி வீடுகளில் வயசாகிப் படுத்திருக்கிறார்கள். உபதேசியார்கள் போய்விட்டார்கள். மரபணுப் பரிசோதனை, இன்னார் உனக்கு உறவு என்று சொல்லும். அம்மா அவரை விரும்பினாளா, பயந்தாளா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு கிழவிதான் வேண்டும்.

*

அறுபது வயதில் ஒருவர் வந்து, “பாட்டி, எங்கப்பா யாரு?” என்று கேட்டால், “அதெல்லாம் இப்ப எதுக்குய்யா” என்பதுதான் நம் வாயில் வரும். செத்தவர் மானம், கோவில் பேர், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு எல்லாம் அந்த ஒரு பதிலுக்குள் ஒளிந்துகொள்ளும். கேட்பவர் சொத்துக் கேட்டு வரவில்லை. தன் மூக்கு யாருடையது, சங்கீத ஞானம் எங்கிருந்து வந்தது, அவர் தன்னைப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்திருந்ததா என்றுதான் கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லிவிடலாம். கொடுத்த வாக்கை மீறியதாகத் தோன்றினால் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம். அதற்கு வழி இருக்கிறது. சொல்லாமலே போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு வழியில்லை.