ஓரங்கட்டும் சுதந்திரம்

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். 1 முதல் 11 வரை எண் உண்டு. கப்பல்காரன் அதைப் பார்த்துக் காரியம் செய்கிறான். 2018 நவம்பர் 16 அதிகாலை ‘கஜா’ வேதாரண்யம் அருகே கரை கடப்பதற்கு முன்பே, கடலுக்குப் போக வேண்டாமென்று மீனவர்களை எச்சரித்திருந்தார்கள். லாரி டிரைவருக்கு எந்தக் கூண்டு?

சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியைத்தான் காற்று சுலபமாகச் சாய்க்கும். டிரைவருக்கு இது தெரியும். தெரிந்தும் ஏன் போகிறான்?

‘வேண்டுமானால் ஓரங்கட்டட்டுமே, யார் தடுத்தது?’ என்று முதலாளி கேட்கலாம். ஓரங்கட்டினால் அன்றைய பேட்டா போய்விடுமென்றால், அதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழியை முன்கூட்டியே டிரைவர் தலையில் கட்டுகிற ஏற்பாடு அது. நின்ற நாளுக்கும் கூலி கொடுப்பவனுக்குத்தான் ‘உன் இஷ்டம்’ என்று சொல்லும் தகுதி உண்டு. சரக்கு இன்னும் வரவில்லையா என்று கடையில் முணுமுணுக்கிற நாமும் அந்த முதலாளியோடு சேர்த்திதான்.